சிவனொளிபாத மலை: ஏறிய பக்கம், இறங்கிய பக்கம்

ஞாயிறு, ஹட்டன்

கொழும்புக் கோட்டையில் காலை ரயில். றம்புக்கனை வரை தென்னையும் வயலும்தான், கண்ணயர்ந்துவிட்டேன். அதற்கப்புறம் ரயில் மலையேறத் தொடங்கியதும் பெட்டியில் பாதிப்பேர் வாசலுக்குப் போய்விட்டார்கள். நாவலப்பிட்டி தாண்டினால் இரண்டு பக்கமும் தேயிலை. கோப்பி மூட்டைகளைத் துறைமுகத்துக்கு இறக்குவதற்காகத்தான் இந்தப் பாதையைப் போடத் தொடங்கினார்கள். 1869இல் இலைநோய் வந்து கோப்பியைத் தின்றது. 1884இல் தண்டவாளம் ஹட்டனுக்கு வந்து சேர்ந்தபோது சுற்றியுள்ள மலைகளில் தேயிலை பரவிக்கொண்டிருந்தது. கோப்பிப் பருவத்துக்கு வந்து வேலை முடிந்ததும் ஊர் திரும்பிக்கொண்டிருந்த தமிழகத்துக் கூலிகள், தேயிலைக்குக் குடும்பத்தோடு தங்கவேண்டி வந்தது. கொழுந்து ஆண்டு முழுக்க வருமே.

ஹட்டனில் இறங்கியபோது மூன்று மணி இருக்கும். வெயில் அடிக்கிறது, ஆனாலும் சட்டைக்குள் குளிர். என்னோடு மலையேறப் போகிறவர் ஒரு தோட்டப் பாடசாலை ஆசிரியர். கடைத்தெருவில் எதிரே வந்தவர்கள் எல்லோரும் அவரை ‘சேர்’ என்றே கூப்பிட்டதால் எனக்கும் அவர் சேர்தான். “மாசி, பங்குனியில வந்தது நல்லது அண்ணே, மேல மழை குறைவு” என்றார். டிசம்பர் மாதத்து உந்துவப் போயாவில் (போயா என்றால் பௌர்ணமி) தொடங்கி மே மாதத்து வெசாக் போயாவோடு முடிகிறது யாத்திரைக் காலம். மற்ற மாதங்களில் தென்மேற்குப் பருவக்காற்று மலையைப் போட்டு அடிக்கும், படிகளில் விளக்கு எரியாது, தேநீர்க்கடைகளும் இருக்காது.

மலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். உயரம் 2243 மீட்டர். இலங்கையிலேயே உயரமானது இதுவல்ல. பிதுருதலாகலை 2524 மீட்டர். ஆனால் பிதுருதலாகலை மற்ற மலைகளுக்கு நடுவே நிற்கிறது, நுவரெலியாவில் நின்று பார்த்தால் ஒரு மேடு மாதிரித்தான் தெரியும். சிவனொளிபாதம் மத்திய மலைநாட்டின் தென்மேற்கு ஓரத்தில் கூம்பாக எழுந்து, அந்தப் பக்கம் தாழ்நிலத்துக்குச் சடாரென்று இறங்குகிறது. அதனால்தான் கடலில் வந்த அரபு வணிகர்களுக்கு இது கரை தெரியும் முன்பே தெரிந்தது. உச்சியில் பாறையில் ஒரு பள்ளம், ஏறக்குறைய 1.8 மீட்டர் நீளம், கால்தடம் போல. பௌத்தர்களுக்கு அது புத்தர் பாதம், சைவர்களுக்குச் சிவன் பாதம், முஸ்லிம்களுக்கு சுவர்க்கத்திலிருந்து இறங்கிய ஆதம் நபி கால் வைத்த இடம். போர்த்துக்கேயர் காலத்தில் புனித தோமையாரின் பாதம் என்று சொன்னவர்களும் உண்டு.

இதுவரை இந்த மலையைப் பற்றி நான் படித்த பயணக்குறிப்புகள் எல்லாம் அந்த 1.8 மீட்டரைப் பற்றித்தான். இரவில் ஏறுவார்கள், சூரியன் உதிக்கும், படம் எடுப்பார்கள், வந்த வழியே இறங்குவார்கள். மலை முழுவதையும் இருட்டிலேயே கடந்துவிட்டு உச்சியை மட்டும் வெளிச்சத்தில் பார்ப்பது எனக்கு என்னவோ போலிருக்கிறது. ஆகவே இந்த முறை நல்லதண்ணிப் பக்கம் ஏறி, இரத்தினபுரிப் பக்கம் பகலில் இறங்குவதாகத் திட்டம். சேர் யோசித்துவிட்டு, “அந்தப் பக்கம் முழங்காலைக் கேக்கும்” என்றார். வருகிறேன் என்றும் சொன்னார்.

திங்கள், மஸ்கெலியா வழியே நல்லதண்ணி

யாத்திரைக் காலத்தில் ஹட்டனிலிருந்து நல்லதண்ணிக்கு நேரடி பஸ் ஓடும். நாங்கள் வேண்டுமென்றே மஸ்கெலியாவில் இறங்கினோம். நோர்வூட் பக்கம் காசல்ரீ நீர்த்தேக்கம், மஸ்கெலியாவில் மவுசாக்கலை நீர்த்தேக்கம். இரண்டின் தண்ணீரும் கடைசியில் களனி கங்கைக்குத்தான் போகிறது. வழியில் லக்சபான வரிசையில் மின்நிலையத்துக்கு மேல் மின்நிலையமாக அதே தண்ணீரைத் திரும்பத் திரும்ப வேலை வாங்குகிறார்கள். இந்த மலைகளின் ஓடைகளில் மின்சாரம் எடுக்கலாம் என்று பொறியியலாளர் விமலசுரேந்திர 1918இலேயே கணக்குப் போட்டுக் காட்டினார். லக்சபான இயங்கியது 1950இல். கொழும்பில் சுவிட்சைப் போடுகிறவருக்கு மஸ்கெலியா மழை ஞாபகத்துக்கு வராது, வரவேண்டிய கட்டாயமும் இல்லை. தண்ணீர் குறைந்து மின்வெட்டு வந்தால் மட்டும் பேப்பரில் நீர்மட்டம் போடுவார்கள்.

மவுசாக்கலை அணைக்காக அறுபதுகளின் கடைசியில் பழைய மஸ்கெலியா ஊரே தண்ணீருக்குள் போனது. இப்போதைய ஊர் மேலே புதிதாகக் கட்டியது. கடும் வரட்சியில் நீர் இறங்கினால் பழைய கோயில், விகாரை, பள்ளிவாசல் மூன்றின் மிச்சங்களும் வெளியே வரும். இன்று நீர்மட்டம் ஓரளவு இறங்கியிருந்தது, ஆனால் எதுவும் தெரியவில்லை. கரையில் சிவப்பு மண் பட்டை மட்டும், அதில் இரண்டு மாடுகள். “எங்க தாத்தா அந்தக் கோயில்லதான் தேர் இழுத்தாரு” என்று சேர் தண்ணீரின் நடுவில் ஒரு இடத்தைக் காட்டினார். எந்த இடம் என்று எனக்குப் பிடிபடவில்லை. அவருக்கும் கேள்விதான், அப்பா காட்டிய திசையைத்தான் அவர் காட்டுகிறார்.

இங்கிருந்து பார்த்தால் ஏழு கன்னியர் மலை தெரியும், வரிசையாக ஏழு சிகரங்கள். 1974 டிசம்பர் 4ஆம் திகதி இரவு மார்ட்டின்ஏர் விமானம் ஒன்று அதில் மோதி 191 பேரும் இறந்தார்கள். பெரும்பாலோர் இந்தோனேசியாவின் சுரபாயாவிலிருந்து ஹஜ்ஜுக்குப் புறப்பட்டவர்கள். கொழும்பில் இறங்கி எண்ணெய் நிரப்பிக்கொண்டு ஜித்தாவுக்குப் போகவேண்டிய விமானம். மக்காவுக்குப் போகக் கிளம்பியவர்கள் ஆதம் மலைக்குப் பக்கத்தில் முடிந்துபோனார்கள். மஸ்கெலியாவில் வயதானவர்கள் இன்றும் அந்தச் சத்தத்திலிருந்துதான் கதையைத் தொடங்குகிறார்கள். முதலில் ஓடிப்போய்ப் பார்த்தவர்கள் தோட்டத்து ஆட்கள்.

மத்தியானம் ஒரு தோட்டத்து லயத்தில் சாப்பாடு, சேரின் உறவுக்காரர் வீடு. ரொட்டி, தேங்காய்ச் சம்பல், பருப்பு. பத்துக்குப் பன்னிரண்டு அடி இருக்கும் காம்பிரா, முன்னால் நீட்டிப் போட்ட தாழ்வாரம். அப்படிப் பன்னிரண்டு வீடுகள் ஒரே கூரையின் கீழ். வாசலில் நின்றால் நேர் எதிரே மலை. வீட்டுக்கார அக்கா காலைப் பெரட்டுக்கு, அதாவது வேலைக்கு ஆள் கணக்கெடுக்கும் இடத்துக்கு, போகும்போது அதைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டுத்தான் கூடையை எடுப்பாராம். எத்தனை தடவை ஏறியிருக்கிறீர்கள் என்றேன். “எங்கத்த தம்பி, கல்யாணத்துக்கு முன்ன ஒருதரம். இங்கருந்தே சாமி தெரியுதே.” அவருடைய மகன் வருடா வருடம் யாத்திரைக் காலத்தில் மேலே கடைக்குச் சாமான் தூக்குகிறான். ஒரு மூட்டை சீனியும் ஒரு பெட்டி சோடாவும் தூக்கினால் ஆறாயிரம் ரூபா, அதைத் தோட்டக்கூலியில் எடுக்க எத்தனை நாளாகும் என்று அவன் கணக்கோடு பேசினான். தோட்டத்தில் நிற்பதைவிட மலையில் தூக்குவது மேல் என்பது அவன் முடிவு.

பேச்சு சிறுத்தைக்குப் போனது. 2020 மே மாதம் நல்லதண்ணிப் பக்கம் ஒரு தோட்டத்தில் கருஞ்சிறுத்தை ஒன்று கம்பிக் கண்ணியில் மாட்டியது. உயிரோடு மீட்டு உடவளவைக்குக் கொண்டுபோனார்கள், சில நாளில் செத்துவிட்டது. கண்ணி பன்றிக்கு வைத்தது. மரக்கறித் தோட்டத்தைப் பன்றி கிண்டிப் போட்டால் அந்த மாதம் கையில் ஒன்றும் மிஞ்சாது. பன்றி வரும் பாதையில்தான் சிறுத்தையும் வரும். தேயிலைக்கும் காட்டுக்கும் இடையில் வேலியென்று ஒன்று கிடையாது, கொழுந்து மலையின் மேல் வரிசை முடிந்த இடத்தில் காடு தொடங்குகிறது. சிறுத்தைக்காகக் கண்ணீர் விட்ட நகரத்து ஆட்கள், பன்றியிடமிருந்து பயிரைக் காக்க வேறு வழி ஒன்று சொல்லிக்கொடுத்திருந்தால் எனக்கு அவர்கள் மேல் மரியாதை கூடியிருக்கும்.

சாயங்காலம் நல்லதண்ணி. ஓடைக்கு இரண்டு பக்கமும் கடைகள்: கம்பளித் தொப்பி, பிளாஸ்டிக் பொம்மை, அல்வா, கித்துள் கருப்பட்டி. ஒலிபெருக்கியில் பௌத்தர்களின் பிரித் ஓதுகிறது, அடுத்த கடையில் விநாயகர் பாட்டு. ஆறு மணிக்கு முகில் விலகி உச்சி தெரிந்தது. அதுவரை மேலே போடப்பட்டிருந்த விளக்குகள் பகலில் கண்ணில் படவில்லை. இருட்டியதும் அடிவாரத்திலிருந்து உச்சிவரை வளைந்து வளைந்து ஒரு ஒளிக்கோடு. அதன் கடைசிப் பகுதி கிட்டத்தட்ட நேர்குத்தாக நிற்பதைப் பார்த்து நான் பேசாமல் படுக்கப் போய்விட்டேன்.

திங்கள் இரவு, படிகளில்

இரண்டு மணிக்குக் கிளம்பினோம். நல்லதண்ணியிலிருந்து உச்சிக்கு ஏறக்குறைய 7 கிலோமீட்டர், 1000 மீட்டர் ஏற்றம், 5000க்கு மேற்பட்ட படிகள். எண்ணிச் சொல்கிறவர்கள் ஆளுக்கொரு எண் சொல்கிறார்கள்.

முதலில் தேயிலைக்கு நடுவே சமதளமாகப் பாதை. மகர தோரணம், அப்புறம் ஜப்பானிய பிக்குகள் கட்டிய வெள்ளைச் சமாதானத் தூபி. அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில் தேயிலை வாசனை போய்விட்டது. ஈர இலை, பாசி, அழுகிய மரம், இந்த மூன்றும் கலந்த காட்டு வாசனை. இந்த எல்லை இங்கே நிற்பதற்கு ஒரு காரணம் இருக்கிறது. கோப்பிக்காரர்கள் மலையுச்சி வரை மொட்டையடிக்கத் தயாராகத்தான் இருந்தார்கள். 1873இல் தாவரவியலாளர் ஜோசப் ஹூக்கர் சொன்ன ஆலோசனையின் பேரில், 5000 அடிக்கு மேல் காடு வெட்டக் கூடாது என்று ஆங்கில அரசு தடை போட்டது. மலை புனிதமானதால் காடு பிழைத்தது என்று பலர் எழுதுகிறார்கள். பாதி உண்மை. புனிதம் உச்சியைக் காத்தது, சரிவைக் காத்தது அந்த உத்தரவு. 1940இல் இது சிகரக் காட்டுச் சரணாலயம் ஆனது. 2010இல் ஹோர்ட்டன் சமவெளி, நக்கிள்ஸ் காடுகளோடு சேர்த்து யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் சேர்ந்தது.

சீத கங்குலையில் முகம் கழுவினோம். சிலர் அந்தக் குளிரிலும் குளிக்கிறார்கள். வெள்ளை உடுத்த ஒரு சிங்களக் கூட்டம் எங்களுக்கு முன்னால். நடே குரு என்கிற வழிகாட்டிப் பெரியவர் ஒரு அடி பாட, மற்றவர்கள் திருப்பிப் பாடினார்கள். முதல்முறை வருகிறவர்களை கோடுகாரயோ என்கிறார்கள், அவர்களுக்கு வெள்ளைத் துண்டு கட்டி நடுவில் விட்டுக் கூட்டிப்போகிறார்கள். களைப்பாக இருக்கிறது, இன்னும் எவ்வளவு தூரம் என்று மட்டும் கேட்கக் கூடாதாம். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் ஒருவரையொருவர் வாழ்த்திக்கொள்வார்கள், “கருணாவய்” என்று. நாங்களும் சொன்னோம். கீழே இருந்து தமிழ்ப் பையன்கள் கூட்டம் ஒன்று அரோகரா போட்டுக்கொண்டு எங்களைத் தாண்டி ஓடியது. ஒரு மணி நேரம் கழித்து அதே பையன்கள் ஒரு கடையில் கால் நீட்டிக் கிடந்தார்கள்.

இந்திகட்டுபானை என்ற இடத்தில் புத்தர் கிழிந்த காவியைத் தைத்தார் என்று ஐதீகம். அதனால் யாத்திரிகர்கள் ஊசியில் நூலைக் கோத்து அங்கே விட்டு, நூல் பந்தைப் பிரித்துக்கொண்டே மேலே ஏறுகிறார்கள். கைவிளக்கை அடித்துப் பார்த்தேன். கைப்பிடிக் கம்பி, செடி, கல் எல்லாவற்றிலும் வெள்ளை நூல், அடுக்கடுக்காக. போன வாரத்து நூல் பழுப்பாகி, நேற்றைய நூல் பனியில் நனைந்து முத்து முத்தாகத் தண்ணீர் கோத்து நிற்கிறது. பருத்தி நூல் மக்கிவிடும். அதன் கீழே கிடந்த பிஸ்கட் உறைகளும் தண்ணீர்ப் போத்தல்களும் மக்காது. ஒவ்வொரு பருவம் முடிந்தும் தொண்டர்கள் மூட்டை மூட்டையாக இறக்குகிறார்கள், அடுத்த பருவத்தில் நாம் மறுபடி நிரப்புகிறோம்.

ஒரு கடையில் பிளேன்டீ, கையில் ஒரு துண்டு கருப்பட்டி. கடைக்கார அண்ணன் கரி அடுப்பில் செம்புக் கேத்தலை வைத்திருந்தார். சுடுநீர், கொதிநீர் என்று இரண்டு இல்லை, எப்போதும் பொங்கிக்கொண்டே இருக்கிறது. விலை கீழே உள்ளதைவிட இரண்டு மடங்கு. அந்தக் கரியும் தண்ணீர்க் கேனும் யாருடைய தோளில் வந்தது என்று மத்தியானம் பார்த்துவிட்டு வந்ததால் மிச்சம் கேட்கவில்லை.

கடைசிப் பகுதி மகாகிரிதம்பை. படிகளின் உயரம் ஒன்றுக்கொன்று பொருந்தாது. கைப்பிடிக் கம்பி ஈரமும் பனிக்குளிருமாக விறைத்திருந்தது. பிடித்தால் விரல் மரத்தது, விட்டால் கால் நடுங்கியது. எழுபது தாண்டிய ஒரு பாட்டி வெறுங்காலோடு என் பக்கத்தில் ஏறினார். இரண்டு பேத்திகள் பின்னால் தாங்கியபடி. நான் நின்ற இடத்தில் எல்லாம் அவரும் நின்றார், ஆனால் அவர் என்னைவிடக் குறைவாகவே நின்றார்.

செவ்வாய் காலை, உச்சி

உச்சி சிறியது. மதில் கட்டிய ஒரு மேடை, நடுவில் பாதத்துக்குச் சிறு கோயில், சமன் தெய்யோவின் சன்னிதி, பிக்குகளின் அறை, மணி. அவ்வளவுதான். எத்தனை தடவை ஏறினோமோ அத்தனை தடவை மணியடிக்க வேண்டும். ஒரு தாத்தா அடித்துக்கொண்டே இருந்தார், பின்னால் நின்றவர்கள் சிரித்துக்கொண்டே காத்திருந்தார்கள். பாதத்தின் மேல் துணியும் பூவும் மூடியிருந்தன. கண்ணுக்குத் தெரிவது மேல்பாறை என்றும், உண்மையான சுவடு அதற்கடியில் நீலக்கல்லில் இருக்கிறது என்றும் நம்பிக்கை. வரிசை நகர்ந்துகொண்டே இருந்ததால் தொட்டுக் கும்பிட நேரம் சில விநாடிதான்.

இந்த நாலு சுவருக்காக நடந்த இழுபறிக்குக் குறைவில்லை. 11ஆம் நூற்றாண்டில் முதலாம் விஜயபாகு யாத்திரிகர்களின் சாப்பாட்டுக்கும் தங்கலுக்கும் கிராமங்களை எழுதிவைத்தான், அம்பகமுவைக் கல்வெட்டு அதைச் சொல்கிறது. 16ஆம் நூற்றாண்டில் சீதாவாக்கை இராஜசிங்கன் சைவத்துக்கு மாறி, மலையைச் சைவ ஆண்டிகளிடம் கொடுத்தான். 18ஆம் நூற்றாண்டில் அதை வாங்கித் திரும்பவும் பிக்குகளிடம் கொடுத்தவன் கீர்த்தி ஸ்ரீ இராஜசிங்கன். அவன் யார் என்றால் மதுரைப் பக்கத்திலிருந்து வந்த நாயக்கர் வம்சம். சிங்கள அரசன் சைவருக்குக் கொடுக்க, நாயக்க அரசன் பௌத்தருக்குக் கொடுத்திருக்கிறான். மலை யாருக்குச் சொந்தம் என்று இன்று மேடை போட்டுப் பேசுகிறவர்களுக்கு இது இரண்டு பக்கமும் வசதிப்படாத வரலாறு.

தமிழில் மணிமேகலை இந்த மலையை நன்றாகவே அறியும். “ஓங்குயர் சமந்தத்து உச்சி” என்று, இரத்தினத் தீவில் அறவோன் அடியிணை இருப்பதாக அங்கே ஒரு தெய்வம் சொல்கிறது. பிறவிக் கடலைக் கடக்கும் தோணி என்று அந்தப் பாதத்தைச் சொல்கிறது. ஆக, தமிழில் இந்த உச்சி முதலில் வருவது புத்தர் பாதமாகத்தான்.

ஆறு மணி தாண்டியதும் கிழக்கில் சிவந்தது. சூரியன் எழும்போது மலையை வணங்கித் துள்ளி எழும்பும் என்று சொல்வார்கள், இர சேவய என்பார்கள். முரசு அடித்தார்கள். எல்லோரும் கிழக்கே பார்த்துச் சாது சொல்லிக்கொண்டிருக்க, சேர் என் தோளைப் பிடித்து மேற்கே திருப்பினார். தாழ்நிலத்து முகிலின் மேல் மலையின் நிழல், விளிம்பு கூர்மையான முக்கோணம். மலையின் உருவம் அப்படி முக்கோணம் இல்லை. நிழல் பல கிலோமீட்டர் நீண்டு போவதால், இரண்டு பக்கக் கோடுகளும் தூரத்தில் ஒன்றாகச் சேர்வது போலத் தெரிகிறது. தண்டவாளம் தூரத்தில் சேர்வதும் இதே கணக்குத்தான். உயரமாகத் தனித்து நிற்கும் எந்த மலையின் உச்சியில் நின்றாலும் இப்படித்தான் தெரியும் என்கிறது பௌதிகம். தெரிந்துகொண்டு பார்த்தாலும் ஆச்சரியம் குறையவில்லை. சூரியன் ஏற ஏற நிழல் சுருங்கி எங்கள் பக்கமாக நகர்ந்து வந்தது. அது விழுந்த பக்கம்தான் நாங்கள் இறங்கவேண்டிய பக்கம்.

செவ்வாய் இரவு, பலாபத்தல

உச்சியில் இருந்த கூட்டத்தில் நூறில் தொண்ணூற்றைந்து பேர் நல்லதண்ணிக்கே திரும்பினார்கள். இரத்தினபுரிப் பாதையில் எங்களைத் தவிரச் சில குடும்பங்கள் மட்டும். இறங்கிய அரை மணியில் சத்தம் முழுக்க மாறிவிட்டது. ஒலிபெருக்கி போய், தவளை, தண்ணீர், எங்கோ கறுப்பு மந்திகளின் உறுமல். இந்த உயரத்து மந்திகளுக்கு ரோமம் அடர்த்தி. ஒன்றைக் கொம்பில் பார்த்தேன், கரடிக்குட்டி என்று சத்தியம் செய்திருப்பேன்.

மேலே காடு குட்டை. காற்றுக்கு வளைந்த மரங்கள், ஒவ்வொரு கொம்பிலும் கை தடிமனுக்குப் பாசி. பாசியை விரலால் அமுக்கினேன், மழை பெய்யாத நாளில் தண்ணீர் சொட்டியது. முகில் இந்த மரங்களுக்குள் நுழையும்போது இலையிலும் பாசியிலும் ஒட்டி நீராகி வடிகிறது. மழைமானியில் பதியாத மழை இது. இந்த மேற்குச் சரிவில் ஏற்கெனவே ஆண்டுக்கு 5000 மில்லிமீட்டர் வரை மழை. களனி, களு, வளவை என்று மூன்று ஆறுகளுக்கு இங்கேதான் தலைப்பு. கொழும்பு குடிக்கும் தண்ணீரில் பெரும்பங்கு களனியில் எடுப்பது.

இந்த ஈரத்தை நம்பி வாழ்கிற தவளைகள்தான் எனக்கு இந்த மலையில் முக்கியமான குடிகள். இலங்கையின் புதர்த்தவளைகள் பலவற்றுக்குத் தலைப்பிரட்டைப் பருவமே இல்லை. குளம் வேண்டாம், ஈர மண்ணிலோ இலையிலோ முட்டை இட்டால் முட்டைக்குள்ளிருந்து நேரே குட்டித் தவளை வெளியே வரும். அதற்கு நிலத்தின் ஈரம் காயாமல் இருக்கவேண்டும். 1853இல் விவரிக்கப்பட்டு, அப்புறம் யார் கண்ணிலும் படாமல், அழிந்துவிட்டது என்று எழுதிவைத்த புள்ளிபோட்ட பச்சைப் புதர்த்தவளை ஒன்றை 2009இல் இந்தச் சிகரக் காட்டில் மறுபடி கண்டுபிடித்தார்கள். 1876க்குப் பிறகு தொலைந்துபோன குட்டைத் தேரை ஒன்றும் அதே ஆண்டு இங்கேயே கிடைத்தது. இத்தனைக்கும் ஆண்டுதோறும் லட்சக்கணக்கில் ஆட்கள் ஏறி இறங்கும் மலை. எல்லோரும் படியைப் பார்த்துத்தான் நடக்கிறோம்.

சிவப்பாகப் பூத்த காட்டுப் பூவரசு ஒன்று வழியில். 1344இல் இங்கே ஏறிய இப்னு பதூதா, உள்ளங்கை அகலத்துக்குச் சிவப்பு ரோஜா பார்த்ததாகவும், அதன் இதழில் இறைவனின் பெயர் எழுதியிருப்பதாக மக்கள் நம்பியதாகவும் சொல்கிறார். அது இந்தப் பூவாகத்தான் இருக்கும் என்பது என் ஊகம். அவரை அனுப்பிவைத்தது யாழ்ப்பாணத்து ஆரியச் சக்கரவர்த்தி. புத்தளத்தில் சந்தித்தார்கள், அரசனுக்குப் பாரசீகம் தெரியும். முத்துக்களைக் காட்டி என்ன வேண்டும் கேள் என்றதற்கு, ஆதம் பாதத்தைப் பார்க்கவேண்டும், அவ்வளவுதான் என்றாராம். பல்லக்கும், வழி தெரிந்த யோகிகள் நால்வரும், பிராமணர் மூவரும், சாமான் தூக்கப் பதினைந்து பேரும் கொடுத்து அனுப்பினான். ஒரு மொரோக்கோ முஸ்லிமை, தமிழ்ச் சைவ அரசன், சைவ யோகிகளின் துணையோடு, புத்தர் பாதம் இருக்கும் மலைக்கு அனுப்பியிருக்கிறான். இலங்கையில் தமிழ் பேசும் முஸ்லிம்கள் இன்றும் இதைப் பாவா ஆதம் மலை என்றுதான் சொல்கிறார்கள்.

அதே பயணக்குறிப்பில் அட்டைகளைப் பற்றியும் எழுதியிருக்கிறார். ஈரப் புல்லிலிருந்து தாவி ஏறும், அதன் மேல் எலுமிச்சை பிழிவார்கள், விழுந்துவிடும் என்று. 700 வருடம் ஆகப்போகிறது, வைத்தியம் மாறவில்லை. சேரின் பையில் எலுமிச்சங்காய் இருந்தது. என் கணுக்காலில் நூல் மாதிரி வந்த அட்டை, கண்டுபிடித்தபோது திராட்சைப் பழம் அளவுக்கு ஊதியிருந்தது. சாறு பட்டதும் சுருண்டு விழுந்தது. இரத்தம் நிற்கத்தான் நேரமெடுத்தது.

நடுவழியில் வெள்ளை வண்ணத்துப்பூச்சிகள் எங்களுக்கு எதிராகப் பறந்துபோயின, பத்து இருபதாக. இந்த மாதங்களில் அவை கூட்டமாக இடம்பெயரும். பாதத்தைக் கும்பிட்டு அங்கேயே உயிர் விடப் போகின்றன என்று கீழே வந்த ஒரு அம்மா பேரனுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். சிங்களத்தில் சமனல கந்த என்று மலைக்கு இன்னொரு பெயர், வண்ணத்துப்பூச்சி மலை.

இந்தப் பக்கம் நல்லதண்ணியைப் போல இரண்டு மடங்கு இறக்கம். தாழ வரத் தாழ மரங்கள் நிமிர்ந்தன, வெக்கை ஏறியது, கித்துளும் பாக்கும் தோன்றின. நீலிஹெலையில் பள்ளத்தைப் பார்த்து “நீலீ” என்று கத்தினால் பதில் வரும். அங்கே விழுந்து இறந்த பெண் என்பது கதை. சேர் கத்தினார், வந்தது. நான் கத்தும் நிலையில் இல்லை. அவர் சொன்னது சரி, முழங்கால் கேட்டது. அடிவாரத்துப் பலாபத்தல வந்து சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது.

புதன், இரத்தினபுரி

காலில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு பஸ் ஏறினோம். ஊருக்கு வெளியே மகா சமன் தேவாலயம். வெள்ளை யானை மேல் வரும் சமன் தெய்யோதான் மலைக்குக் காவல் தெய்வம். பழைய கோயிலைப் போர்த்துக்கேயர் இடித்துவிட்டார்கள். கவசம் போட்ட போர்த்துக்கேயச் சிப்பாயின் காலடியில் ஒரு சிங்கள வீரன் விழுந்து கிடப்பதுபோலச் செதுக்கிய கல் ஒன்று இன்னும் இங்கே இருக்கிறது. வெற்றிக்காக வெட்டிய கல்லை, தோற்றவர்கள் தங்கள் கோயிலிலேயே பத்திரமாக வைத்திருக்கிறார்கள். எனக்கு அது பிடித்திருந்தது.

அப்புறம் ஒரு மாணிக்கக் குழி. வயலுக்கு நடுவே சதுரமாகத் தோண்டி, பக்கச்சுவர் சரியாமல் மரச்சட்டம் அடித்து, இடுக்கில் பெரணி இலையை அடைத்திருந்தார்கள். தண்ணீர் இறைக்கும் பம்பு நிற்காமல் ஓடுகிறது. அடியில் இல்லம் என்று சொல்லும் கூழாங்கல் படிவு. அதைக் கூடையில் வாரி, இடுப்பளவு தண்ணீரில் நின்று சுழற்றுகிறார்கள். மண் கரைந்து போகும், லேசான கல் விளிம்புக்கு வரும், கனமான கல் நடுவில் தங்கும். முதிய தொழிலாளி ஒருவர் கூடையைச் சாய்த்து வெயிலில் காட்டி, விரலால் ஒரே தடவை வருடினார். ஒன்றுமில்லை, கொட்டிவிட்டு அடுத்த கூடை. மலைநாட்டுப் பாறையில் உருவான நீலமும் புஷ்பராகமும் பாறை தேயத் தேய மழையோடு இறங்கி, ஆற்று வண்டலில் புதைந்தவை. ஆதம் நபி சுவர்க்கத்தை நினைத்து அழுத கண்ணீர்தான் இந்தக் கற்கள் என்றும் ஒரு கதை உண்டு. கிடைத்தால் நிலக்காரர், உரிமம் எடுத்தவர், பம்புக்காரர், இறங்கி வேலை செய்கிறவர்கள் என்று பங்கு பிரியும். கிடைக்காத மாதம் சாப்பாடு மட்டும். “மேல போய்ட்டு வாரீங்களா?” என்று கூடைக்காரர் சிங்களம் கலந்த தமிழில் கேட்டார். ஆமென்றோம். தானும் வருடா வருடம் குழிக்காரர்களோடு பலாபத்தலைப் பாதையில் ஏறுவதாகச் சொன்னார், நல்லதண்ணிப் பாதையை அவர் பார்த்ததே இல்லை.

எந்தப் பாதையில் போகலாம் என்று கேட்டு எழுதியவர்களுக்கு: முதல்முறை என்றால், சின்னப் பிள்ளைகளோ வயதானவர்களோ கூட வந்தால், நல்லதண்ணியிலேயே ஏறி நல்லதண்ணியிலேயே இறங்குங்கள். போயா நாளையும் சனி ஞாயிறையும் தவிருங்கள், அன்று மகாகிரிதம்பையில் மணிக்கணக்காக நிற்கவேண்டி வரும். காடு பார்க்க ஆசை என்றால் இரத்தினபுரிப் பக்கம், ஆனால் பகலில், உள்ளூர் ஆள் ஒருவரோடு, எலுமிச்சங்காயோடு. போத்தலைத் திரும்பக் கொண்டுவாருங்கள். கொழும்புக்குப் பகல் முழுக்க பஸ் இருக்கிறது. சேர் ஹட்டனுக்குத் திரும்ப அவிசாவளை பஸ்ஸில் இடம்பிடித்துவிட்டார், நாளைக்குப் பாடசாலையாம்.